வராதவர் சம்மதம்

பொதுப் பட்டறையின் கூரையில் ஜன்னல் முளைத்த அன்று, அதைப் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்த கடிகார ரிப்பேர்க்காரர் வெளியூரில் தன் தங்கை வீட்டுக் கட்டிலில் இல்லாமல் போனார். போர்வை கலையவில்லை. தலையணையில் தலை வைத்த குழிகூட அப்படியே இருந்தது, ஆள்தான் இல்லை. அதே காலையில் பட்டறைக்கு முதல் ஆளாக வந்த செருப்புத் தைப்பவர் நிமிர்ந்து பார்த்தார். நான்கடிக்கு மூன்றடியில் ஒரு கண்ணாடி ஜன்னல், கீழே ஒரு தூசி தும்புகூட விழாமல், கூரையோடு கூடப் பிறந்ததுபோல உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் வருடாந்தரக் கூட்டத்தில் அதற்குத் தீர்மானம் போட்டிருந்தார்கள். நம் கமிட்டி பரவாயில்லையே என்று செருப்புத் தைப்பவர் நினைத்துக்கொண்டார். அது ஒரு குழாய்க்கு வாஷர் மாற்ற ஏழு மாதம் எடுத்துக்கொண்ட கமிட்டி என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

பட்டறை என்பது நீளமான ஒரு கொட்டகை. மூன்று படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். ஒரு லேத்து, ஒரு ரம்ப மேஜை, ஒரு வெல்டிங் மெஷின், தடித் துணி தைக்கிற இரண்டு தையல் மெஷின்கள், இவை எல்லோருக்கும் பொது. உறுப்பினர்கள் பதின்மூன்று பேர், ஆளுக்கு ஒரு நம்பர். வாசலில் ஒரு ஆணியில் கோரிக்கை நோட்டு தொங்கும். இது வேண்டும், அது சரியில்லை என்று யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். வருடத்துக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு மேம்பாடு. கூட்டம் என்று அறிவித்தால் ஒருவருக்குப் பல்வலி, இன்னொருவருக்கு மச்சான் வந்துவிடுவான். போதுமான தலை சேராமல் மூன்று வருடம் எதுவுமே நடக்கவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, செயலாளராக இருந்த புத்தக பைண்டர் ஒரு விதி கொண்டுவந்தார்: வராதவர் சம்மதம் சொன்னதாகக் கொள்ளப்படும். அந்த விதியும் அப்படித்தான் நிறைவேறியது. வந்தவர்கள் நான்கு பேர். அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் தீர்மானங்கள் மளமளவென்று நிறைவேறின, வேலைகள்தான் ஒன்றும் நடக்கவில்லை. பட்டறைக்கே பொறுமை போயிருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எல்லோரும் சொல்வது. எனக்கும் வேறு காரணம் தோன்றவில்லை.

கடிகாரக்காரர் ஒன்பதாம் நம்பர், பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. கண்ணில் கண்ணாடியைச் செருகிக்கொண்டு அடுத்தவர் வேலையில் குற்றம் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. ஜன்னலிலிருந்து விழுந்த வெயிலும் அதே குணத்தோடு இருந்தது. சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் அது தன் இஷ்டத்துக்கு நகரும். கோணலாக அடித்த ஆணி, விட்டுப்போன தையல், சரியாக ஒட்டாத மூலை எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்கும். சரிசெய்யும்வரை போகாது. வாரக் கடைசியில் அவருடைய தங்கை ஒரு ஜோடிச் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்று, "எங்கண்ணன் இங்க வந்தாரா?" என்று கேட்டபோது, வெயில் மெதுவாக ஊர்ந்து அவள் சேலையில் பிரிந்து கிடந்த ஓரத் தையலில் போய் நின்றது. அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அவளும் செருப்பை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு தடவை நடந்ததைத் தற்செயல் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அடுத்த வருடக் கூட்டத்தில் மரத்தூளை வெளியே இழுக்கிற பெரிய ஃபேன் ஒன்று வைப்பதென்று முடிவானது. அதைக் கேட்டவர் தச்சர், நான்காம் நம்பர். இருபது வருடத் தூள் நெஞ்சில் படிந்து, ஒவ்வொரு வேலையையும் தொண்டையைக் கனைத்துவிட்டுத்தான் தொடங்குவார். அவர் மனைவியும் அங்கேயே உறுப்பினர். சோபாவுக்கும் வண்டி சீட்டுக்கும் மெத்தை தைப்பவள் என்பதால் மெத்தைக்காரி என்று பெயர். கூட்டத்துக்கு மறுநாள் காலை அவள் கண் விழித்தபோது பக்கத்தில் கணவர் படுத்த இடம் சூடாக இருந்தது, கணவர் இல்லை. அவள் கத்தவில்லை. முகம்கூடக் கழுவாமல் நேரே பட்டறைக்கு ஓடினாள். கிழக்குச் சுவரில் மரச் சட்டத்துக்குள் ஒரு ஃபேன் இருந்தது. சுவிட்சைப் போட்டாள். ஃபேன் இரண்டு தடவை கனைத்துவிட்டுச் சுற்றத் தொடங்கியது. அப்போதுதான் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மெத்தைக்காரி தான் தைக்கிற மெஷினை ஃபேனுக்குக் கீழே நகர்த்திப் போட்டுக்கொண்டாள். ஒரு வருடம் அப்படியே குடும்பம் நடத்தினாள் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் சுவிட்சைப் போட்டு, கனைப்பைக் கேட்டு, "ம், எந்திரிச்சாச்சா?" என்பாள். சாயங்காலம் அணைக்க மனம் வராமல் நின்றுகொண்டிருப்பாள். மகள் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். மகள் வெல்டர், பன்னிரண்டாம் நம்பர், இருபத்தாறு வயது, அப்பாவைப் போலவே வாய் கொஞ்சம் நீளம். மற்றவர்களோ பட்டறைக்குள் நுழையும்போதே ஆணியில் தொங்கிய நோட்டைத் தொடாமல் ஒதுங்கி நடந்தார்கள். யாரும் குறை சொல்வதில்லை. லேத்து விரலைக் கடித்தால்கூட "நல்ல லேத்து, தப்பு என் மேலதான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் பிறகுதான் விரலைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். ஒழுகுகிற மூலையில் வாளியை வைத்துவிட்டு, குளிர்ச்சியாக இருக்கிறது என்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பயமாக இருக்கும்.

மூன்றாம் வருடக் கூட்டத்துக்கு யாரும் எதையும் முன்மொழியவில்லை. பைண்டர் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். நல்ல மனுஷர்தான். ஆனால் விதி என்று ஒன்று அச்சில் இருந்துவிட்டால் அவருக்கு மூச்சு விடுவதும் அதைக் கேட்டுத்தான். முன்மொழிவு வராவிட்டால், கோரிக்கை நோட்டில் அதிகத் தடவை எழுதப்பட்டதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது விதி. அவர் உட்கார்ந்து எண்ணினார். வாசலில் மூன்று படிக்குப் பதிலாகச் சாய்தளம் வேண்டும் என்பது பதினோரு தடவை இருந்தது, பதினொன்றும் ஒரே கையெழுத்து. எரிவாயு சிலிண்டரை ஒற்றை ஆளாக அந்தப் படிகளில் ஏற்றி இறக்குகிற வெல்டர் பெண்ணின் கையெழுத்து. கடைசித் தடவை, "நான் செத்தாத்தான் வெப்பீங்களா?" என்றும் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். பைண்டர் கண்ணீரோடு அறிவிப்பை எழுதி வாசலில் ஒட்டினார்.

மகள் அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் சொல்லாமல் ஒரு தட்டு சோற்றை முழுதாகச் சாப்பிட்டு முடித்து, பிறகு சொன்னாள். மறுநாள் மெத்தைக்காரி செய்து பார்க்காதது இல்லை. நோட்டிலிருந்து அந்தப் பக்கங்களைக் கிழித்து எரித்தாள். சாயங்காலம் பார்த்தால் பக்கங்கள் நோட்டிலேயே, ஓரம் மட்டும் லேசாகக் கருகி, இருந்தன. ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். ராஜினாமாவைக் கூட்டத்தில்தான் ஏற்க முடியும், அதுவும் மேம்பாட்டுத் தீர்மானம் முடிந்த பிறகு என்றார் பைண்டர். ஊரைவிட்டே போய்விடலாம் என்றால், பூதக்கண்ணாடி வெளியூரிலிருந்துதானே போனார்? "கூட்டமே போடாம விட்டுட்டா என்ன?" என்று கேட்டாள். பைண்டர் தலையைச் சொறிந்தார். "போடலன்னா எல்லாருமே வராதவங்க ஆயிடுவாங்கக்கா. ஏகமனதா நிறைவேறிடும்." அதைச் சொல்லிவிட்டு அவரே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டார்.

இருந்தது ஒரே வழி. பதின்மூன்று பேரில் போன இரண்டு பேரும் வராதவர்கள், ஆகவே எதற்கும் சம்மதிப்பவர்கள். மீதிப் பேரில் ஏழு பேர் நேரில் வந்து வேண்டாம் என்று கை தூக்கினால் தீர்மானம் விழும். மெத்தைக்காரி எட்டு வீடு ஏறி இறங்கினாள். எல்லோரும் நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், கண்ணை மட்டும் பார்க்கவில்லை. காரணம் அவளுக்கும் தெரியும். ஒரு கோரிக்கை விழுந்தால் நோட்டில் அதற்கு அடுத்தபடி அதிகம் எழுதப்பட்டது எடுத்துக்கொள்ளப்படும். இரண்டாவதாக இருந்தது வார்னிஷ் காய்வதற்குத் தனி அறை. அதை ஒன்பது தடவை எழுதியவர் பெயிண்டர், ஆறாம் நம்பர். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று ஒவ்வொருவருக்கும் அந்த நோட்டில் ஒரு இடம் இருந்தது. தனக்கு மேலே யாராவது இருக்கும்வரை தான் பத்திரம் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

பெயிண்டர் தச்சருக்கு நெருங்கிய கூட்டாளி. தச்சர் செய்த மேஜை நாற்காலிக்கெல்லாம் வண்ணம் பூசியது அவர்தான். கதவைப் பாதி திறந்து, அந்தப் பாதியிலும் தானே நின்றுகொண்டார்.

"அண்ணே, நீங்க வந்து கையத் தூக்குனா மட்டும் போதும். பேசக்கூட வேணாம்."

"நான் என்னம்மா செஞ்சேன்? யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யலையே. என் வீட்டுல நான் இருக்கேன், அவ்வளவுதான்." அவர் குரல் கெஞ்சுவதுபோல இருந்தது. "எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்குல்ல."

"எனக்கு ஒண்ணுதாண்ணே," என்றாள் மெத்தைக்காரி.

பெயிண்டர் கதவை மெதுவாகச் சாத்தினார். சத்தம் வந்தால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தவர்போல அவ்வளவு மெதுவாக.

கூட்டம் சாயங்காலம் நான்கு மணிக்கு. செருப்புத் தைப்பவர் வந்தார். ஃபிரிட்ஜ் மெக்கானிக் வந்தார், வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்ணாடி வெட்டுபவர் வாசல்வரை வந்து, திரும்பிப் போய், மறுபடியும் வந்து உள்ளே நுழைந்தார். பைண்டர், அம்மா, மகள் சேர்த்து ஆறு பேர். ஏழாவது ஆளுக்காகக் காத்திருந்தார்கள். நாலே கால் ஆனது, நாலரை ஆனது. படியில் காலடி கேட்டபோதெல்லாம் மெத்தைக்காரி எழுந்து நின்றாள். தெருவில் போகிறவர்களின் காலடிதான் அது. ஜன்னல் வெயில் அங்கேயும் இங்கேயும் அலைந்துவிட்டுக் கடைசியில் வெறும் வாசலில் போய் நின்றது. ஐந்து மணிக்கு மேல் காத்திருக்க விதி இல்லை. பைண்டர் தீர்மானத்தை வாசித்தார். வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். ஆறு கைகள் எழுந்தன, அதில் ஒன்று அவருடைய கை. தன் கையையும் சேர்த்து அவரே எண்ணி, எதிர்ப்பு ஆறு, சம்மதம் ஏழு, தீர்மானம் நிறைவேறியது என்று தேம்பிக்கொண்டே தீர்மானப் புத்தகத்தில் எழுதினார். மகள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வயதுக்குப் பிறகு அவள் அப்படிப் பிடித்ததில்லை.

மெத்தைக்காரி அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீர்மானம், வாக்கு, தேதி என்று பத்திகள் பிரிக்கப்பட்டிருந்தன. கடைசிப் பத்தியின் தலைப்பு, பொறுப்பு. யார் செய்வது என்று எழுத வேண்டிய இடம். இருபது வருடமாக அந்தப் பத்தியில் யாரும் ஒரு எழுத்து எழுதியதில்லை. எழுதினால் செய்ய வேண்டி வருமே! என்ன செய்வது என்று எல்லோரும் தொண்டை கிழியப் பேசுவார்கள், யார் செய்வது என்ற பேச்சு வந்ததும் ஆளாளுக்குச் செருப்பைத் தேடத் தொடங்குவார்கள். பதினெட்டு வருடப் பக்கங்களில் அந்த இடம் வெள்ளையாகத்தான் இருந்தது. கடைசி இரண்டு தீர்மானங்களுக்கு நேரே மட்டும் இரண்டு எண்கள் இருந்தன. ஜன்னலுக்கு நேரே ஒன்பது. ஃபேனுக்கு நேரே நான்கு.

"இத யாரு எழுதுனது?" என்றாள்.

பைண்டர் குனிந்து பார்த்தார். "நான் எழுதலக்கா. சத்தியமா நான் எழுதல."

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இன்றைய வரியில், காலியாக இருந்த அந்தக் கட்டத்தில், சுவரில் ஈரம் ஏறுவதுபோல ஒரு கோடு மேலிருந்து கீழே இறங்கியது. ஒன்று என்ற எண். பன்னிரண்டின் முதல் இலக்கம். கண்ணாடி வெட்டுபவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினார். யாரும் பெயர் கொடுக்காத வேலைக்குப் பட்டறை தானே ஆள் போட்டுக்கொள்கிறது, கேட்டவரையே போட்டுக்கொள்கிறது என்பது மெத்தைக்காரிக்கு அந்தக் கணத்தில் புரிந்தது. பைண்டர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள்.

"ஆறுன்னு எழுதுங்கக்கா!" ஃபிரிட்ஜ் மெக்கானிக் அலறினார். "வீட்டுல உக்காந்துக்கிட்டு ஆமான்னு சொன்னான்ல, அவனே வந்து செய்யட்டும்! எழுதுங்க!"

எழுதத்தான் நினைத்தாள், அதை மறைக்க வேண்டியதில்லை. பாதிக் கதவில் நின்ற அந்த முகத்தை நினைத்தபோது கை தானாகவே வளைந்தது. அடுத்தாற்போல அந்த வீட்டுக் கொடியில் காய்ந்த இரண்டு பள்ளிக்கூடச் சட்டைகளும் நினைவுக்கு வந்தன. தன் எண்ணை எழுதலாம் என்றும் தோன்றியது. எழுதினால் நாளைக்கு மகளுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. கட்டத்தில் அடுத்த இலக்கத்தின் தலை கறுப்பாகத் தெரியத் தொடங்கியது. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மெத்தைக்காரி அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒன்றோடு இரண்டு கோடுகளை இழுத்து அதை நான்காக்கினாள்.

"அம்மா, அது அப்பா நம்பர்," என்றாள் மகள்.

"தெரியும்டி."

பைண்டர் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார். "பொறுப்பு எடுத்துக்கிறவரு சம்மதிக்கணுமேக்கா. விதி இருக்கே."

"அவரு வந்திருக்காரா?"

"இல்ல."

"அப்ப சம்மதம்."

ஃபேன் நின்றது. சுவிட்சை யாரும் தொடவில்லை. தலைகாட்டிய அடுத்த இலக்கம் காகிதத்துக்குள் திரும்பிப் போய்விட்டது. மெத்தைக்காரி பேனாவை மூடி பைண்டரின் சட்டைப் பையில் செருகிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்று இரவு பற்றி எழுத ஒன்றுமில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி அம்மா உட்கார்ந்திருந்தாள். விடியும்போது அந்த மணிக்கட்டு அவள் கையிலேயே இருந்தது, அதில் நாடி ஓடிக்கொண்டிருந்தது.

பட்டறை வாசலில் மூன்று படிகளையும் காணோம். தெருவிலிருந்து உள்ளே வரை தேக்குப் பலகையில் சாய்தளம் ஒன்று ஏறியது. ஆணி ஒன்றுகூட இல்லாமல், பலகைக்குள் பலகை கடித்து நிற்கிற இணைப்பு. அந்த வேலை யாருடையது என்று அங்கே கேட்க வேண்டியதில்லை. கிழக்குச் சுவரில் ஃபேன் இருந்த இடத்தில் செங்கல் தெரிந்தது. மெத்தைக்காரி அந்தச் செங்கலைக் கையால் தடவிப் பார்த்தாள். போன வருடம் அழுததைவிட அதிகமாக அழுதாள், ஏனென்றால் இந்தத் தடவை அனுப்பி வைத்தது அவள். மகள் சிலிண்டரோடு சாய்தளத்தின் கீழே வெகுநேரம் நின்றாள். பிறகு, "ஏறட்டுமாப்பா?" என்று கேட்டுவிட்டு ஏறினாள். பலகை முனகவில்லை, அசையவில்லை. அறுபது கிலோ இரும்பு ஒரு கை தள்ளலில் மேலே போய்விட்டது என்று பிறகு சொன்னாள்.

நான்காம் நாள் பெயிண்டர் ஒரு டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்தார். யாரும் கூப்பிடவில்லை. குனிந்த தலை நிமிராமல் சாய்தளத்தின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கோடு தீட்டினார். மெத்தைக்காரி உள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் முடித்துவிட்டு எழுந்ததும், "ஒரு கோட்டிங் பத்தாதுண்ணே," என்றாள். அவர் மறுபடியும் உட்கார்ந்து இரண்டாவது கோட்டிங் அடித்தார். அவர்களுக்குள் அதைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான். அடுத்த வருடத்திலிருந்து தீர்மானம் எழுதுவதற்கு முன்பே பொறுப்புப் பத்தியை நிரப்பிவிடுவது வழக்கமானது. வார்னிஷ் அறையைப் பெயிண்டரும் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கும் தாங்களே கட்டினார்கள். சுவர் ஒரு பக்கம் தொப்பை போட்டிருந்தது, கதவு சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, மனசாரத்தான்.

மெத்தைக்காரிக்கு முட்டிவலி வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. அந்த வருடம் சாய்தளம் இரண்டடி நீண்டு, ஏற்றம் கொஞ்சம் குறைந்தது. வலி கூடிய வருடம் ஐந்தடி நீண்டது. பிறகு தெருவோரமாகத் திரும்பி, தையல் கடையையும் சைக்கிள் கடையையும் தாண்டி, அவள் வீடு இருக்கிற பக்கமாக வரத் தொடங்கியது. மேலே ஏறும் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. தரையோடு தரையாக, வெறும் பலகைப் பாதையாக அது வந்தது. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து அளந்து ஆக்கிரமிப்பு நோட்டீஸ் எழுதினார். மறுவாரம் கொடுக்க வந்தபோது அளவு மாறியிருந்தது. திருத்தி எழுதிக்கொண்டு வந்தால் மறுபடியும் மாறியிருந்தது. நோட்டீஸை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனவர் பிறகு வரவில்லை. சைக்கிள் கடைக்காரர் வண்டிகளைத் தள்ளி நிறுத்திக்கொண்டார். அது பாட்டுக்குப் போகிறது, நமக்கென்ன என்றார்.

மகள் மட்டும் ஒவ்வொரு மாதமும் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளப்பாள். பலகையின் நுனிக்கும் வீட்டு வாசலுக்கும் நாற்பது அடி, முப்பத்தொரு அடி, பத்தொன்பது அடி. அளந்துவிட்டு வந்து எண்ணை அம்மாவிடம் சொல்லமாட்டாள். அம்மாவும் கேட்கமாட்டாள். ஏழடி இருந்தபோது, மெத்தைக்காரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பழைய மெத்தை ஒன்றைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "நம்ம வீட்டு வாசப்படி ஒரு அடி உசரம். அத ஒடச்சுச் சமமாக்கிடு."

"எதுக்கும்மா?"

"உங்கப்பா என்னக் கூட்டிட்டுப் போக அவ்வளவு தூரம் வந்துட்டு படியில தடுக்கி நிக்கணுமா?"

மகள் முடியாது என்று கத்தினாள், அழுதாள், இரண்டு நாள் அம்மாவோடு பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் காலை சுத்தியலும் உளியும் எடுத்துவந்து, அம்மா பார்த்துக்கொண்டிருக்க, வாசல்படியை உடைத்தாள். மட்டப்பலகை வைத்துப் பார்த்துத் தரையோடு தரையாகப் பூசினாள். சிமெண்ட் காயும்வரை யாரும் மிதித்துவிடக் கூடாது என்று குறுக்கே ஒரு கயிறும் கட்டிவைத்தாள்.